பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வாளி பீர்

ஜொகூர் நீரிணையின் குறுக்கே போகும் பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதன் தென்கரையில் வீட்டுச் சமையலறையில் பீர் காய்ச்சலாம். வடகரையில் அதையே செய்தால் குற்றம்.

சிங்கப்பூரில் 2004 முதல் இது அனுமதிக்கப்பட்ட ஒன்று. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், தான் குடிப்பதற்காக மட்டும் இருக்க வேண்டும், விற்கக் கூடாது, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. வாலை வடித்துச் சாராயம் இறக்கும் வேலைக்கு அனுமதியே கிடையாது. நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டு கலால் சட்டப்படி மதுபானம் எதைத் தயாரிக்கவும் உரிமம் வேண்டும். வீட்டு வாளி என்று விலக்குக் கேட்க முடியாது. பிரிட்டன் 1963-லும் அமெரிக்கா 1979-லும் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தின. நாம் தளர்த்தவில்லை.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் எதையும் மெர்சிங்கிலோ மூவாரிலோ சிகாமாட்டிலோ செய்து பார்க்காதீர்கள். எங்கள் வாளி கொதித்தது, புளித்தது, பாட்டிலுக்குப் போனது எல்லாமே உட்லண்ட்ஸில் அக்கா வீட்டில். குடித்ததும் அங்கேதான். ஒரு பாட்டில்கூடப் பாலத்தைத் தாண்டவில்லை.

இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். வானொலியில் மது என்று தலைப்பு வைத்தால் எனக்கு இரண்டே வகை அழைப்புகள்தான் வரும். "தொடவே கூடாது" என்று ஒருவர் சொல்வார். "தீபாவளிக்கு ஒரு நாள்தானே, விடுங்க" என்பார் இன்னொருவர். போத்தலுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி உண்டாகிறது, எது நாக்குக்கு, எது உயிருக்கு ஆபத்து என்று யாரும் பேசுவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியால் அடிபட்ட சமூகம் நாம். அடித்த பொருளைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருப்பது எனக்கு விநோதமாகவே படுகிறது.

அத்தானுக்கு இது நான்கு வருடப் பொழுதுபோக்கு. அவர் வாங்கி வைத்திருந்த 'கிட்' ஒரு தகர டப்பா. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1862-ல் தொடங்கி இன்றும் குடும்ப நிறுவனமாக நடக்கும் கூப்பர்ஸ் ஆலையின் சரக்கு. டப்பாவுக்குள் 1.7 கிலோ கெட்டிப் பாகு. பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, இறங்கிய இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூவின் கசப்போடு சுண்டக் காய்ச்சியது. மூடிக்கடியில் 7 கிராம் உலர்ந்த ஈஸ்ட் பொட்டலம். தண்ணீரும் கொஞ்சம் கூடுதல் மால்ட் தூளும் சேர்த்தால் 23 லிட்டர் ஆகும். மாதத்துக்கு ஒரு டப்பா என்றால் சட்டம் சொல்லும் 30 லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

மெர்சிங்கிலிருந்து அம்மாவும் என்னோடு வந்திருந்தார். பேத்தியைப் பார்க்கத்தான் வந்தார், பீரைப் பார்க்க அல்ல. அத்தான் டப்பாவைத் திறந்து வெந்நீரில் கரைத்ததும் வீடு முழுக்க ஒரு மணம் பரவியது. கூடத்திலிருந்து அம்மா கேட்டார்: "யாரு மைலோ கலக்குறது?"

தப்பில்லை. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் இருப்பது இதே முளைகட்டிய பார்லிதான். நம் பிள்ளைகளுக்குக் காலையில் கொடுக்கும் டம்ளரும் இந்த வாளியும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஈஸ்ட் விழும் இடத்தில்தான் வழி பிரிகிறது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. இட்லி மாவு பொங்குவதும் இதற்கு உறவு முறைதான், அங்கே பாக்டீரியாவின் பங்கு அதிகம். மலாய்க்கார அண்டை வீட்டார் பெருநாளுக்குச் செய்யும் தாப்பாயும் அப்படியே. அதில் சேர்க்கும் நொதிக் கட்டிக்கு மலாயில் 'ராகி' என்று பெயர். சின்ன வயதில் தாப்பாயில் கேழ்வரகு போடுகிறார்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

வேலையில் பாதி கழுவுவதுதான். வாளி, மூடி, கரண்டி, குழாய், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் முதலில் சோப்பில் கழுவி, பிறகு கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும். எங்கேயோ ஒட்டியிருக்கும் கிருமி, ஈஸ்டுக்கு முன்னால் அந்த இனிப்பைப் பிடித்துக்கொண்டால் மூன்று வாரம் கழித்துக் கிடைப்பது காடிதான். அத்தான் கழுவுவதைப் பார்த்த அம்மா, "பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் இவருக்கு முதுகு வலிக்கும்" என்று அக்காவிடம் சொன்னார். அத்தானுக்குக் கேட்டிருக்கும். தலை நிமிரவில்லை.

அடுத்த தொல்லை நம் வெயில். பேல் ஏல் வகைக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரிக்குள் வேலை செய்தால் சுவை சுத்தமாக இருக்கும். நம் வீடுகளில் சாதாரணமாகவே 30 டிகிரி. போதாததற்கு ஈஸ்ட் சுறுசுறுப்பாக இயங்கும்போது அதுவே வாளியைச் சூடாக்கும். சூடு ஏறினால் வாழைப்பழ வாசம் வரும். இன்னும் ஏறினால் வார்னிஷ் வாசம் வரும், அதைக் குடித்தால் மறுநாள் தலை கனக்கும். இதற்கென்றே தனிக் குளிர்பெட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. அடுக்குமாடி வீட்டில் அதற்கு ஏது இடம்? அம்மாதான் வழி சொன்னார். மாவு பொங்கி வழியாமல் இருக்க அவர் செய்வதையே செய்யச் சொன்னார்: பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் வாளியை இறக்கி, சுற்றி ஈரத்துண்டு போர்த்தி, எதிரே காற்றாடி. அத்தான் அதோடு உறையவைத்த தண்ணீர் போத்தல்களைக் காலை மாலை மாற்றிப் போட்டார். வாளியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் 22-ல் நின்றது. நாலு வருடமாக இந்த மாமியாரிடம் ஏன் கேட்கவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

இரண்டாம் நாள் மூடியைச் சற்று விலக்கி, மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு நுரை கட்டியிருந்ததைக் காட்டினார் அத்தான். அம்மா குனிந்து பார்த்துவிட்டு உடனே நிமிர்ந்தார். "கள்ளுப் பானை மாதிரியே இருக்கு மாப்பிள்ளை" என்றார். பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

ஜெமாலுவாங் பக்கத்துத் தோட்டத்தில் தாத்தா பால் வெட்டியவர். சம்பள நாளில் பாட்டி, அம்மாவையும் இடுப்பில் மாமாவையும் வைத்துக்கொண்டு கள்ளுக்கடை வாசலில் நிற்பாராம். உள்ளே போகும் முன் காசைப் பிடுங்கினால்தான் அந்த மாத அரிசி. நான் பலமுறை கேட்ட கதை இது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே கள்ளுக்கடை நடந்த காலம் அது. கூலி கொடுக்கும் கையே கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதை எதிர்த்து நம்மவர்களே எழுந்ததும் உண்டு. 1947-ல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டப் பகுதியில் அது போலீசாரோடு மோதலாக முற்றியது. நம் பள்ளிப் பாடநூல்களில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

அம்மா சொன்ன அந்தக் கள்ளுப் பானைக்கும் இந்த வாளிக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஹாப்ஸ் என்ற ஒரு பூ. கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்பு, பிஞ்சு அன்னாசி போல அடுக்கடுக்காக இருக்கும். கஞ்சாச் செடியின் குடும்பம், ஆனால் அந்தப் போதை இதில் இல்லை. கொதிக்க வைத்தால் அதன் பிசினிலிருந்து கசப்பு இறங்கும். அந்தக் கசப்பு புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும், ஈஸ்டை விட்டுவிடும்.

தென்னையிலிருந்து சொட்டும்போதே கள் புளிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் இறக்கியது மாலைக்குள் ஏறிவிடும், மறுநாள் காடியை நோக்கிப் போகும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிக்காமல் பதநீராக நிற்கும், ஆனால் அது மதுவே அல்ல. புளிக்கவும் வேண்டும், கெடவும் கூடாது என்றால் கள்ளுக்குக் காவல் இல்லை. அதனால் கள் மரத்தைச் சுற்றியே, தோட்டத்தைச் சுற்றியே கிடந்தது. இறக்கிய அன்றே குடித்துத் தீர்க்க வேண்டிய பானம் அது. பத்திரப்படுத்தி, மெதுவாக, அளவாக என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஹாப்ஸ் போட்ட பீரோ கடலைத் தாண்டியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்கு அருகே, போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் மதுவாலை இருந்தது. கப்பல் தலைவர்கள் அங்கே பீப்பாய்களை வாங்கிக் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் பம்பாய்க்கும் கொண்டுபோய் விற்றார்கள். மாதக்கணக்கான பயணத்தில், பூமத்திய ரேகையை இருமுறை கடந்து வரும் பீர் கெடாமல் இருக்கக் கூடுதல் ஹாப்ஸ் உதவியது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆலைகளும் போட்டிக்கு இறங்கின. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரின் கதை இதுதான். இந்தியாவுக்காகவே யாரோ ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மட்டும் கட்டுக்கதை. ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பீர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. மதராஸ் துறைமுகத்தில் அந்தப் பீப்பாய்களைத் தலையிலும் தோளிலும் சுமந்து இறக்கியவர்கள் நம் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். குடித்தவர்கள் வேறு.

இன்றைய பேல் ஏலின் மணம் அந்த லண்டன் பீரினுடையது அல்ல. அமெரிக்காவின் ஒரேகானில் உருவாக்கி 1972-ல் வெளியிட்ட காஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகைதான் வாசத்தையே மாற்றியது. அதுவரை மூலிகை, மண் வாசம். காஸ்கேட் வந்ததும் பம்ளிமாஸ் தோல் வாசம். அதற்குப் பின் வந்த சிட்ராவில் மாம்பழமும் லைச்சியும். கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும், ஆனால் இந்த வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கடைசியில் தூவுகிற அதே கணக்குத்தான். ஐந்தாம் நாள், நுரை அடங்கிய பிறகு, காஸ்கேடும் சிட்ராவும் கலந்து 50 கிராம் துகள்களை அத்தான் வாளிக்குள் அப்படியே போட்டார். வீட்டில் மைலோ வாசம் போய் கஸ்தூரி எலுமிச்சை வாசம் வந்தது.

இதற்கப்பால் காத்திருப்புத்தான். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடி மிதவை, திரவத்தில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று காட்டும். முதல் நாள் 1.045. பத்தாம் நாள் 1.010. மறுநாளும் அதே 1.010. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும்: 4.6. அடுத்தடுத்து எண் மாறாமல் நிற்பதைப் பார்க்காமல் பாட்டிலில் அடைத்தால், உள்ளே ஈஸ்ட் இன்னும் தின்றுகொண்டே இருக்கும், அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கும். கண்ணாடியானால் ஆபத்து. அத்தான் பிளாஸ்டிக் போத்தல்தான் வைத்திருக்கிறார். 740 மில்லியில் 30 போத்தல். ஒவ்வொன்றிலும் அளந்த சர்க்கரை, லிட்டருக்கு 8 கிராம் அளவில். மூடி இறுக்கி, இருட்டான அலமாரியில் மேலும் இரண்டு வாரம்.

காத்திருந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். நம் நாட்டில் 2016 மார்ச்சில் வைத்த வீதப்படி, பானத்தில் இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 175 வெள்ளி கலால் வரி இருந்தது. அந்த வீதத்தில் இந்த ஒரு வாளிக்கு மட்டும் சுமார் 185 வெள்ளி வரி வந்திருக்கும். அரசாங்கம் வீட்டு வாளியை ஏன் விரும்பாது என்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதிக வரியால் யார் குடிப்பதை நிறுத்துகிறார்கள், யார் மலிவான சரக்குக்கு மாறுகிறார்கள் என்பது தனிக் கேள்வி. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மலிவுச் சம்சுவை எதிர்த்து எத்தனையோ ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. அந்தக் குரல் எழுந்ததே தோட்டப் பாட்டாளிகளை மனத்தில் வைத்துத்தான்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்று வட்டாரத்திலும் மெத்தனால் கலந்த மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அன்று வானொலி நிலையத்துக்கு வந்த கேள்விகளில் பாதி, "வீட்டில் புளிக்கவைத்தால் விஷம் ஆகுமா?" என்பதுதான். பார்லியைப் புளிக்கவைப்பதில் மெத்தனால் பொருட்படுத்தத் தக்க அளவில் உண்டாவதில்லை. பீர் கெட்டுப்போனால் புளிக்கும், நாறும், வயிற்றைக் கலக்கும். கொல்வது கலப்படம். தொழிற்சாலைக்கான மெத்தனாலை மலிவாக வாங்கிப் போத்தலில் ஊற்றுகிற கலப்படம். அதற்கு நிறமும் கிடையாது, நாக்கால் கண்டுபிடிக்கவும் முடியாது. குடித்து அரை நாளோ ஒரு நாளோ கழித்துப் பார்வை மங்கினால், மூச்சு வாங்கினால், கடுமையாக வாந்தி எடுத்தால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தோடு போனால் கண்ணும் உயிரும் தப்பலாம்.

மூன்றரை வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மறுபடி உட்லண்ட்ஸ். அன்றிரவு அங்கேயே தங்குவதாக முடிவு செய்திருந்தேன். மெர்சிங்குக்கு இரண்டு மணி நேரக் காடி ஓட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டில் ஓட்டுநரின் இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். ஆளைக் கொன்றால் குறைந்தது 10 வருடச் சிறை. "ஒரு கிளாஸ்தானே" என்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

பீரைப் பனிக்கட்டி போலக் குளிரவைத்தால் நாக்கு மரத்துப்போகும், வாசமும் எழாது. கடையில் வாங்கும் பீரைச் சில்லென்று குடிக்கச் சொல்வதற்கு அதில் பெரிய வாசம் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம். அத்தான் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் மேசையில் வைத்தார். பிறகு கிளாஸைச் சாய்த்து, போத்தலை ஆட்டாமல் ஊற்றினார். அடியில் தங்கிய ஈஸ்டைக் கடைசி ஒரு விரற்கடையோடு விட்டுவிட வேண்டும். நிறம் மெல்லிய தேநீர், கொஞ்சம் கலங்கல். நுரை வெள்ளையாகக் கட்டியாக நின்றது.

முதலில் மூக்கில் பம்ளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசம். அதற்கு அடியில் பழுத்த மாங்காயின் காம்புப் பக்கம், கொஞ்சம் பால் பிசுக்கு. வாயில் வைத்ததும் லேசான இனிப்பு, ரொட்டியின் மேலோடு போல. அது போய் நடு நாக்கில் கசப்பு ஏறியது. காப்பிக் கசப்பு அல்ல, மருந்துக் கசப்பும் அல்ல. உப்புப் போட்டுப் பிழிந்த பாகற்காயின் கசப்பு. விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அடித்தொண்டையில் இருந்துவிட்டு, வாயைக் காய்ந்ததாக்கிப் போனது. அறுசுவையில் கசப்புக்கும் துவர்ப்புக்கும் தனித்தனி நாற்காலி போட்டவர்கள் நாம். பாகற்காயும் சுண்டைக்காயும் வேப்பம்பூவும் தின்கிற நாக்குக்கு இந்தப் பானம் அந்நியம் இல்லை. குறை சொல்வதானால், நடுவில் கொஞ்சம் மெலிவு. டப்பாச் சரக்குக்கே உரிய ஒரு தட்டைத்தனம், வாசம் எவ்வளவு தூக்கினாலும் உடம்பு பின்தங்கிவிடுகிறது. பத்துக்கு ஏழு கொடுப்பேன்.

தொட்டுக்கொள்ள மெர்சிங்கிலிருந்து அம்மா கொண்டுவந்த கணவாய். பாதியைச் சம்பல் போட்டும் பாதியை மஞ்சள் உப்பு மட்டும் தடவிப் பொரித்தும் வைத்திருந்தார். ஹாப்ஸ் பீரோடு சம்பல் சரிப்படவில்லை. கசப்பு மிளகாய்க் காரத்தை இன்னும் கூட்டிவிடுகிறது, காதுவரை எரிந்தது. மஞ்சள் கணவாய்தான் பொருத்தம். எலுமிச்சைச் சாறுகூடத் தேவைப்படவில்லை, கிளாஸிலேயே இருந்தது.

அம்மா குடிப்பவர் அல்ல. அன்று மட்டும், "கொஞ்சம் குடு, அப்படி என்னதான் செஞ்சீங்கன்னு பாக்குறேன்" என்று டீ குடிக்கும் சின்னக் கோப்பையை நீட்டினார். முகர்ந்து பார்த்தார். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. முகத்தைச் சுளிக்கவில்லை.

"இதுக்கா ஒரு மாசம் காத்திருந்தீங்க?"

"ஆமா அத்தை."

"எங்கப்பாவுக்கு இவ்வளவு பொறுமை இருந்திருந்தா நான் ஆறாவதோட நின்னிருக்க மாட்டேன்."

அத்தானுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மா கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, கணவாய் ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றார்.

அன்று நாங்கள் மூவரும் சேர்ந்து இரண்டு போத்தல் குடித்தோம். மிச்சம் 28. ஒவ்வொரு மூடியிலும் அத்தான் தேதி எழுதி வைத்திருக்கிறார். ஹாப்ஸ் வாசம் மூன்று மாதத்துக்குள் மங்கிவிடும் என்பதால், தன் வேலையிடத்து நண்பர்களுக்கு ஆளுக்கு ஒன்று இலவசமாகக் கொடுக்கப்போகிறார். வெறும் டப்பாவை அம்மா விடவில்லை. அடியில் ஆணியால் நாலு துளை போட்டு மண் நிரப்பி, அக்கா வீட்டு நடைபாதையில் பாகல் விதை ஊன்றிவிட்டுத்தான் மெர்சிங்குக்குப் பஸ் ஏறினார்.